நான்காம் எண் குப்பி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நான்கு பேரும் நலம் என்பதை இந்த முறையாவது ஆளுக்கு ஒரு வரி வீதம் எழுது. போன கடிதத்தில் ‘எல்லாரும் சௌக்கியம்’ என்று ஒரே வரியில் ஒப்பேற்றிவிட்டாய். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

புது வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு சன்னல். மூன்றாம் மாடி. லிஃப்ட் உண்டு, அது ஓடிப் பார்த்தவர்தான் யாருமில்லை. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மிச்சத்தை ஏற முடிகிறது. முப்பத்தாறு வயதிலேயே கிழவியாகிவிட்டேன் போ.

‘ரத்தத்துக்குச் சாயம் போடுற வேலையாமே’ என்று கிண்டலாகக் கேட்டிருந்தாய். பாதி சரிதான். ஒரு கண்ணாடித் தகடு, உன் விரல் நீளம்கூட இருக்காது. அதன்மேல் ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் நமக்குத் தெரிந்த ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டு ஒட்டியிருக்கும். நோயாளியின் டி.என்.ஏ.வைப் பிரித்து, துண்டுகளாக்கி, ஒளிரும் சாயம் ஏற்றி, தகட்டின்மேல் விட்டுப் பதினாறு மணி நேரம் வெதுவெதுப்பில் வைப்போம். எந்தத் துண்டுக்கு எந்தப் புள்ளி ஜோடியோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவிவிடுவோம். பிறகு லேசரில் பார்த்தால் ஒட்டிய இடம் மட்டும் மின்னும். டி.என்.ஏ.வில் மொத்தமே நான்கு எழுத்துதான் என்பதால், படிக்க வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு புள்ளிகள் வரிசையாக இருக்கும். எது மின்னுகிறதோ அதுதான் அந்த இடத்து எழுத்து. இப்படியே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

நோயாளிக்குச் சிவப்புச் சாயம். கூடவே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயில்லாத ஒருவரின் டி.என்.ஏ.வுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி இரண்டையும் ஒரே தகட்டில் விடுவோம். இருவருக்கும் ஒரே எழுத்து என்றால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து புள்ளி மஞ்சளாகத் தெரியும். வேறு வேறு என்றால் தனித்தனியாக மின்னும். வேடிக்கை என்னவென்றால், குப்பியில் பார்த்தால் அந்தச் சிவப்பு நீலமாக இருக்கும், பச்சை ரோஸாக இருக்கும். திரையில்தான் அவை சிவப்பும் பச்சையும்.

இப்போது நாங்கள் பார்ப்பது, இளவயதில் திடீரென்று இதயம் நின்று போனவர்கள் இருக்கிற குடும்பங்களை. இன்னும் சோதனைக் கட்டம்தான், யாருக்கும் முடிவு எழுதித் தரவில்லை. சரி, நோயில்லாத ஆளுக்கு எங்கே போவது? எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பிரிவு தொடங்கிய அன்று ஊழியர்கள் ஏழு பேர் ரத்தம் கொடுத்தோம். குப்பிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நான்காம் எண் குப்பியில்தான் டி.என்.ஏ. நிறையவும் சுத்தமாகவும் கிடைத்தது, அதையே எல்லாத் தகட்டுக்கும் வைத்துக்கொண்டார்கள். நான்காவதாகக் கையை நீட்டியது யார் தெரியுமா? நான்தான். மற்றவர்களுக்கு மறந்துவிட்டது, நான் மறக்கவில்லை. ஆக, யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்பதை உன் தங்கையை அளவுகோலாக வைத்துத்தான் பார்க்கிறார்கள். இனிமேல் கொஞ்சம் மரியாதையாகப் பேசு.

ஃபோனில் பேசலாமே என்கிறாள் அண்ணி. நாம் பேசினால் மூன்றாம் நிமிடம் சண்டை வரும் என்று அவளிடம் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

ஜனவரி 26

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அளவுகோல் அவர்களுக்கு,

வண்டி ஓட்டும் அண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. கேட்டபடி ஆளுக்கு ஒரு வரி. அம்மாவின் முழங்கால் ரேடியோவைவிடச் சரியாக மழையை முன்கூட்டிச் சொல்கிறது. அண்ணிக்கு இருமல் போய்விட்டது, என்னைத் திட்டுவது மட்டும் பாக்கி. குட்டிக்குப் பல் முளைத்து, அதை வைத்து என் பென்சிலைக் கடித்தாகிவிட்டது. நான் நலம், என் வண்டியும் நலம்.

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தேன். அளவுகோல் என்ற இடம் வந்ததும் அண்ணிக்குப் புரையேறிவிட்டது. “ஏன், எம் பொண்ணுக்கு என்ன கொறச்சல்?” என்றார் அம்மா. “பத்து வயசு வரைக்கும் வலது கால் செருப்ப இடது கால்ல மாட்டிக்கிட்டு நடந்தவம்மா இவ. இவள வெச்சு அளந்தா ஊர்ல நல்லாருக்கவன் பூராத்தையும் ஆஸ்பத்திரியில சேர்த்துடுவாங்க” என்றேன். குட்டி உனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறாள்: சாயக்காரி. இனி இந்த வீட்டில் உனக்கு அதுதான் பெயர்.

எனக்கு இந்த வருஷம் மலை வழி கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டு வளைவு. ஐம்பத்திரண்டு பேர் உட்கார்ந்து, முப்பது பேர் நின்று, ஒரு ஆள் கோழிக்கூடையோடு. பதினான்கு வருஷமாக என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. கேட்டு வாங்கின வழி இது. ஸ்டீரிங்கைப் பிடித்தால்தான் நான் ஒரு ஆள், கீழே இறங்கினால் என்னை யார் சீந்துகிறார்கள், உன் அண்ணி உட்பட?

மலை வழிக்கு உடம்புச் சோதனை உண்டு என்றார்கள். டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், சட்டைக்கு மேலேயே குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். இரண்டு நிமிடம். கையெழுத்துப் போட்டுவிட்டார். டாக்டர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

படியில் மூச்சு வாங்குகிறதா? காய்கறியைக் குறைத்து வாங்கு.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 14

அன்பு அண்ணாவுக்கு,

சாயக்காரி நலம். உங்கள் நால்வர் நலமும் படித்துச் சிரித்து அறிந்தேன். பெயர் வைத்தவளுக்கு ஒரு முத்தம். பென்சிலைக் கடிக்க வேண்டாம் என்று சொல்.

இங்கே ஒரு தலைவலி. இதுவரை இருபத்து மூன்று நோயாளிகளுக்குத் தகடு போட்டிருக்கிறேன். எல்லாத் தகட்டிலும் ஒரே ஒரு வரிசை முரண்டு பிடிக்கிறது. நான்கு புள்ளிகளில் ஒன்றுதானே மின்ன வேண்டும்? இங்கே முதல் புள்ளி சிவப்பு தூக்கலாக மின்னுகிறது. பக்கத்திலேயே இரண்டாவது புள்ளி பச்சையாக மினுக்குகிறது. இருபத்து மூன்றிலும் அப்படியே.

எங்கள் பிரிவின் தலைவி நிதானமானவர். “இருபத்து மூணு பேருக்கும் ஒரே எடத்துல ஒரே மாதிரி தப்பு இருக்காதும்மா. பச்சைச் சாயம் அந்தப் புள்ளியில சும்மா போய் ஒட்டிக்குது. சாயத்தப் பாரு” என்றார். சாயம் இருக்கிறதே, அது வெளிச்சம் பட்டால் வெளுக்கும், காற்று சரியில்லை என்றால் வெளுக்கும், கோபித்துக்கொண்டால்கூட வெளுக்கும் போலிருக்கிறது. குப்பியைத் தாளில் சுற்றி, விளக்கை அணைத்து, இருட்டில் தடவித் தடவி வேலை செய்கிறோம். புதுச் சாயம் வரவழைத்தேன். கழுவும் நீரின் சூட்டை ஏற்றினேன், இறக்கினேன். ஒன்றும் மாறவில்லை. ஸ்கேனர் பார்க்கிறவர் என்னைப் பார்த்தாலே, “வந்துட்டாங்கப்பா பச்சைப் புள்ளிக்காரங்க” என்கிறார்.

தோற்றுப்போக மாட்டேன். கண்டுபிடித்து எழுதுகிறேன். மலையில் மெதுவாகப் போ.

தங்கை

மார்ச் 3

சாயக்காரிக்கு அண்ணனின் ஆசிகள்.

எல்லாரும் நலம், ஆளுக்கு ஒரு வரி எழுத இந்த முறை நேரமில்லை, மன்னிக்கவும்.

உன் பச்சைப் புள்ளியைப் படித்ததும் எங்கள் டிப்போவில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. மூத்த ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் அவரை மாமா என்போம். போன மாதம் வண்டியைக் கொண்டுபோய் ஒருவழிப் பாதையில் விட்டுவிட்டார். திரும்பி வந்து ஒரே கூப்பாடு. “இன்னிக்கு ஊருக்கே பைத்தியம் புடிச்சிருச்சுய்யா! எதிர்ல வந்த அத்தன பேரும் தப்பான பக்கத்துலயே வர்றானுங்க!” சிரித்துச் சிரித்து டைம் கீப்பருக்கு வயிறு வலித்துவிட்டது.

நீயும் இருபத்து மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு, எதிரில் வருகிறவன் எல்லாம் தப்பு, எங்கள் அளவுகோல் மட்டும் சரி என்கிறாய். மாமாவுக்குத் தங்கச்சி முறை ஆகிறாய் போல!

கோபித்துக்கொள்ளாதே. சாயத்தை மாற்றிப் பார்.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

உன் கடிதம் வந்தது. அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்குப் பரீட்சை முடிந்ததா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். அப்பா போன அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், நீதான் கூட இருந்தாய். என்ன நடந்தது என்று எனக்கு யாரும் முழுசாகச் சொன்னதில்லை. சிகரெட்டுதான் கொண்டுபோனது என்பார் அம்மா, நானும் அதோடு விட்டுவிட்டேன். உனக்கு நினைவிருப்பதை எழுது. அதற்கு முன்னால் எப்போதாவது நெஞ்சு படபடக்கிறது, மயக்கம் வருகிறது என்று சொன்னாரா?

உனக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் கேட்க வேண்டாம்.

தங்கை

ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ? உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நலம் என்று நீ எங்கேயும் எழுதவில்லை. இருபது வருஷத்தில் உன் கடிதம் அந்த வார்த்தை இல்லாமல் வந்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட ‘நலம், காய்ச்சல் மட்டும் இருக்கிறது’ என்று எழுதினவள் நீ.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அன்று கடையிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் நம் பழைய மாடி வீட்டுக்கு வந்தோம். டின்னை அவர்தான் தூக்கிக்கொண்டார், எனக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் டின்னைக் கீழே வைத்தார். “கொஞ்சம் நில்லுடா, மூச்சு வாங்கிக்கறேன்” என்றார். சுவரில் சாய்ந்தார். அப்படியே உட்கார்ந்தார். நான் விளையாட்டு என்று நினைத்து டின்னைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். கதவைத் தட்டி அம்மா திறக்கிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. இதை நான் உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்கு நாற்பத்தொன்று, எனக்குப் பதினாறு. இப்போது எனக்கு நாற்பது.

எனக்கு மூச்சும் வாங்கவில்லை, மயக்கமும் வரவில்லை. மலை ஏறுவது வண்டி, நானில்லை.

இப்போது என் கேள்வி. அந்தப் பச்சைப் புள்ளி என்ன ஆயிற்று? கண்டுபிடித்து எழுதுகிறேன் என்றாயே. எனக்கே காது குத்தாதே. எழுது.

அண்ணன்

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்று நீ திரும்பிப் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பதினாறு வயதுப் பையனால் அங்கே செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. இருபத்து நான்கு வருஷம் இதை நீ தனியாகச் சுமந்திருக்க வேண்டாம்.

பச்சைப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததே உன்னால்தான். மாமா கதையைப் படித்துச் சிரித்தேன், அடுத்த நொடி நான்காம் எண் குப்பி நினைவுக்கு வந்தது. மறுநாள் போய் சாயத்தை இடம் மாற்றிப் போட்டேன். நோயாளிக்குப் பச்சை, நான்காம் எண் குப்பிக்குச் சிவப்பு. கோளாறு பச்சைச் சாயத்தில் என்றால் அந்த இரண்டாவது புள்ளி மறுபடியும் பச்சையாகத்தானே மின்ன வேண்டும்? சிவப்பாக மின்னியது. சாயத்தின் மேல் குற்றமில்லை. நோயாளிகள் மேலும் இல்லை. எதிரில் வந்தவர்கள் எல்லாரும் சரியான பக்கத்தில்தான் வந்திருக்கிறார்கள்.

மற்ற ஆறு குப்பிகளையும் போட்டுப் பார்த்தேன். அந்தப் புள்ளி யாருக்கும் மின்னவில்லை. நான்காம் எண்ணுக்கு மட்டும் ஒரே இடத்தில் இரண்டு எழுத்து. ஒன்று எல்லாருக்கும் இருப்பது. இன்னொன்று இதயத் தசையைத் தடிக்க வைக்கிற எழுத்து. அம்மாவோ அப்பாவோ, ஒருவரிடமிருந்து வருவது. ரத்தம் கொடுத்த அன்று எங்களிடம் ‘உடம்பு நல்லா இருக்கா’ என்று மட்டும்தான் கேட்டார்கள். அப்பா எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிகரெட்டு என்றுதானே நினைத்திருந்தேன்.

தலைவியிடம் போய், நான்கு என்னுடையது என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. வேணாம்னா இந்தக் குப்பிய எடுத்துட்டு வேற வெச்சுக்கலாம். வீட்டுக்குச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்மா” என்றார். ஒரு மாதமாக அந்த இஷ்டத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறேன்.

உனக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சரிக்குச் சரி வாய்ப்பு. உனக்கு இல்லை என்றால் குட்டிக்கும் அப்பா வழியில் வராது. இருந்தால் மருந்து இருக்கிறது, வழி இருக்கிறது, ஆனால் ஸ்டீரிங் இருக்காது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதக் கை வரவில்லை. பதினெட்டு வளைவும், ஐம்பத்திரண்டு பேரும், அந்தக் கோழிக்கூடைக்காரரும் கண்ணை மூடினால் வந்து நிற்கிறார்கள். வண்டியை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாயில்லை. ரத்தம் மட்டும் கொடு அண்ணா. உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தால் எண் போட்டு எங்களிடம்தான் வரும். எந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் முதல் முடிவு எழுதித் தரப்போகிறோம், உன்னுடையது நேராக உன் டாக்டருக்குப் போகும்.

திட்ட வேண்டும் என்றால் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தங்கை

மே 17

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். பள்ளி விடுமுறை என்பதால் மலைக்குக் கூட்டம் அதிகம், கூடுதல் டிரிப் போட்டிருக்கிறார்கள். வண்டி நன்றாக ஓடுகிறது. ஒன்பதாவது வளைவில் புது மதில் கட்டியிருக்கிறார்கள்.

நீ எழுதியதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை. மழை முடியட்டும், பார்க்கலாம்.

அண்ணன்

ஜூன் 12

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் அண்ணனிடம் கேட்டால், நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறான். அந்தப் பதிலில் எனக்கு நிம்மதி இல்லை. நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது. குட்டியிடம் தபால்தலை கேட்டு வாங்கினேன்.

உன் ஏப்ரல் மாதக் கடிதம் வந்த மறுநாள் காலையிலிருந்து அவன் வண்டியைத் தொடவில்லை. முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, டிப்போவில் உட்கார்ந்து டிரிப் ஷீட் எழுதுகிறான். காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டுதான் போகிறான், சாயங்காலம் ஒரு கசங்கல் இல்லாமல் வருகிறான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு உன் அண்ணிதான் கேட்டாள். “ஏங்க, மலைக்குப் போனா சட்டை இப்படியா இருக்கும்?” அன்றைக்குத்தான் உன் கடிதத்தை எடுத்து எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினான். “அவளுக்கு எழுதிடாதீங்க. அவளாலதான் வண்டி போச்சுன்னு ஒடிஞ்சு போயிடுவா” என்றான். ரத்தம் கொடுத்திருக்கிறான். முடிவு வரவில்லை.

நான் உங்கள் இருவரிடமும் மறைத்தது ஒன்று உண்டு. உங்கள் அப்பாவின் அண்ணன், நீங்கள் பார்த்ததில்லை, அவரும் முப்பத்தைந்து வயதில் நின்ற இடத்தில் போனார். உங்கள் அப்பாவுக்கும் அவ்வப்போது படபடப்பு வரும். “புள்ளைங்ககிட்ட சொல்லாத, பயந்துக்கும்” என்பார். அவர் போன பிறகு, சிகரெட்டு என்று சொல்லிவிட்டால் நீங்கள் சிகரெட்டை மட்டும் தொடாமல் இருந்தால் போதும், பயம் விட்டுவிடும் என்று நினைத்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்? என்னை மன்னித்துவிடு.

படியில் மெதுவாக ஏறு கண்ணு.

அம்மா

ஜூலை 5

என் அருமைச் சாயக்காரிக்கு,

அண்ணன் எழுதுவது, இந்த முறை பொய் இல்லாமல்.

முதலில் அது. மே மாதம் நான் எழுதியது அத்தனையும் புளுகு. ஒன்பதாவது வளைவில் மதில் கட்டியது மட்டும் நிஜம், அதுவும் கேள்விப்பட்டது. அம்மா உனக்கு எழுதிவிட்டதாக நேற்றுத்தான் ஒப்புக்கொண்டார். வண்டியை நிறுத்து என்று நீ எழுதவில்லை. நீ எழுதாததால்தான் நிறுத்தினேன். எழுதியிருந்தால், நீ யாருடி எனக்குச் சொல்ல என்று வீம்புக்காவது ஓட்டியிருப்பேன்.

நேற்று டாக்டர் கூப்பிட்டார். எனக்கு இல்லை. அந்த எழுத்து எனக்கு வரவே இல்லை. நெஞ்சையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், சட்டையைக் கழற்றி. திங்கள்கிழமை முதல் மலை வழி. குட்டிக்கும் பயமில்லை. உன் அண்ணி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதாள், நானும்தான் அழுதேன், யாரிடமும் சொல்லாதே.

வீட்டுக்கு வந்து உன் ஏப்ரல் கடிதத்தை மறுபடி எடுத்தேன். சந்தோஷத்தில்தான் எடுத்தேன். படித்துக்கொண்டே வந்தேன், சந்தோஷம் கீழே இறங்கிவிட்டது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். என் வண்டி, என் மகள், என் பயணிகள், அந்தக் கோழிக்கூடைக்காரன் வரைக்கும் இருக்கிறான். நான் பதினாறு வயதில் செய்யாததற்கு ஆறுதல்கூட இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரி இல்லையே! கண்டுபிடித்ததே உன் ரத்தத்தில். நோய் உனக்கு. நானும் இரண்டு மாதமாக என் ரத்தத்தை நினைத்துத்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன், உன்னைக் கேட்கத் தோன்றவே இல்லை. என்ன அண்ணன் நான்!

ஜனவரியில் எழுதியிருந்தாய், இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவதாக. காய்கறியைக் குறைத்து வாங்கு என்று நான் பதில் எழுதினேன். ஏப்ரலில் அப்பா கதையை நானே எழுதினேன், அதே இரண்டாம் மாடித் திருப்பம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு முறை திரும்பிப் பார்க்காமல் மேலே போய்விட்டேன்.

டாக்டரைப் பார்த்தாயா? என்ன சொன்னார்? யார் கூட இருக்கிறார்கள்? ஆளுக்கு ஒரு வரி வேண்டாம், உன்னைப் பற்றி மட்டும் எழுது.

அண்ணன்

ஜூலை 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு உடம்பு நலமில்லை. இதை எழுதிப் பார்த்துவிட்டேன், கை ஒன்றும் ஒடிந்துவிடவில்லை.

மே மாதமே டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஸ்கேனில் இதயச் சுவர் தடித்திருக்கிறது. காலர் எலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். நெஞ்சு தாளம் தப்பினால் அதுவே தட்டிக் கொடுத்துச் சரிசெய்யுமாம். ஆகஸ்ட் 20 அன்று வைக்கிறார்கள். பிறகு படி ஏறலாம், வேலை செய்யலாம், உன்னோடு சண்டை போடலாம். கீழ்த்தளத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர், “லிஃப்ட் ரிப்பேர் ஆயிடுமேம்மா, அவசரப்படறீங்களே” என்கிறார்.

உறுதி செய்ய என் ரத்தத்தையும் டாக்டர் வழியாக எண் போட்டு அனுப்பினேன். அம்மா கடிதம் வந்த அதே வாரம் முப்பத்தொரு தகடு போட்டேன். உன்னுடையதும் அதில் இருக்கும் என்று தெரியும். ஒவ்வொன்றிலும் அந்த வரிசைக்கு வரும்போது திரையைப் பார்க்க முடியவில்லை. முப்பத்தொன்றில் இரண்டு தகடுகளில் இரண்டாவது புள்ளி மின்னியது. ஒன்று நான். இன்னொன்று நீ என்று நினைத்தேன். மூன்று வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்ததும் முதலில் பையில் போட்டுவிட்டு நடந்தேன், பிறகு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே பிரித்தேன். உரக்கச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்திலிருந்த அம்மாள் நகர்ந்து நின்றுகொண்டார். அப்புறம்தான் அந்த இன்னொருவரை நினைத்தேன். யாரோ தெரியாது. அவருக்கும் கேட்க ஓர் ஆள் இருக்கட்டும்.

நான்காம் எண் குப்பியை மே மாதமே எடுத்துவிட்டார்கள். இப்போது இருபது பேர் ரத்தத்தைக் கலந்து ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறோம். தனியாக ஒருவர் அளவுகோல் இல்லை. உன் ரத்தத்தையும் கேட்கலாமா என்று யோசித்தேன், தலை கனத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொல், மன்னிக்க ஒன்றுமில்லை என்று. நானும் அப்பாவைப் போலத்தான் மறைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் மே மாதமே நிரப்பிவிட்டேன், ஒரே ஓர் இடம் தவிர. ‘நோயாளியுடன் வருபவர்’ என்று இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டிருந்தேன், நர்ஸ் இரண்டு முறை கேட்டும். இன்று மதியம் நிரப்பினேன். உறவு: அண்ணன். தொழில்: பேருந்து ஓட்டுநர், மலை வழி. பத்தொன்பதாம் தேதி மதியத்துக்குள் வந்துவிடு.

வரும்போது யாரோ ஓட்டுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்து வர வேண்டியிருக்கும். அந்த ஓட்டுநரோடு வம்பு வளர்க்காதே.

உன் சாயக்காரி